இரண்டு முறை நழுவிய இடுப்பு மூட்டு: மணி என்ற நாயின் நிகழ்வு ஆய்வு

மணிக்கு நாலு வயது. கலப்பினம், ஆண், கருத்தடை செய்தாயிற்று, எடை 18 கிலோ. ஒரு நாள் மாலை கேட் திறந்திருந்த நேரம் பார்த்து வெளியே ஓடி, இரு சக்கர வாகனத்தில் பின்பக்கம் அடிபட்டு, மறுநாள் காலைதான் என்னிடம் வந்து சேர்ந்தான். இடையில் சுமார் 14 மணி நேரம். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு வீட்டு அம்மா சொன்னது: "தண்ணி குடிச்சான் டாக்டர், வாலாட்டினான், மூணு கால்ல நடந்தான், சுளுக்குதான்னு நினைச்சிட்டோம்."

நான் அவர்களைத் திட்டவில்லை. நாய்க்கு நாலில் ஒரு கால் போனாலும் மூன்று காலில் சமாளித்து நடக்கத் தெரியும், வலித்தாலும் பெரும்பாலும் கத்தாது, வாலையும் ஆட்டும். மூட்டு முழுதாக வெளியே வந்து கிடக்கும்போதே வாலாட்டிய நாய்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதை எழுதுவது மூட்டை உள்ளே தள்ளிய பெருமையைச் சொல்ல இல்லை. உள்ளே தள்ளிய மூட்டு ஆறாம் நாள் மறுபடியும் வெளியே வந்துவிட்டது, அதில் பாதித் தப்பு என்னுடையது. நாய் வளர்ப்பவர்களுக்கும் புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் கால்நடை மருத்துவர்களுக்கும் அந்தப் பாதிதான் உபயோகப்படும் என்று நினைக்கிறேன்.

அந்த இரவில் நடந்த இரண்டு விஷயங்கள்

முதலாவது, பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வந்து, "மூட்டு பிசகியிருக்கு, இழுத்து விட்டா சரியாயிடும்" என்று காலைப் பிடித்து இரண்டு முறை இழுத்திருக்கிறார். மணி அவரைக் கடித்துவிட்டான். வளர்த்தவர் கையையே கடிக்கும் அளவுக்கு வலி இருக்கும் இடம் அது, அதனால் மணி மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் இந்த இழுப்பால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். இடுப்பு மூட்டு வெளியே வந்துவிட்டால் அதைச் சுற்றியுள்ள தொடைத் தசைகள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். மயக்க மருந்து கொடுத்துத் தசையைத் தளர்த்தினால்தான் எலும்பு நகரும். விழித்திருக்கும் நாயின் காலை இழுத்தால் எலும்பு நகராது, ஏற்கெனவே கிழிந்திருக்கும் மூட்டு உறை இன்னும் கிழியும், தொடை எலும்புத் தலையின் மேலிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு இடுப்பெலும்பில் உரசித் தேயும். தவிர, அது மூட்டு விலகலா எலும்பு முறிவா என்று எக்ஸ்ரே இல்லாமல் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, என்னையும் சேர்த்துத்தான்.

இரண்டாவது, வீட்டில் இருந்த இபுபுரோஃபன் மாத்திரையில் பாதி, அதாவது 200 மில்லிகிராம், கொடுத்திருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் மனிதருக்கான இபுபுரோஃபன், நாப்ராக்ஸன், டைக்ளோஃபினாக் எல்லாம் நாயின் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகத்தில் பாதிப்பையும் உண்டாக்கக் கூடியவை. அடிபட்டு ரத்த ஓட்டம் குறைந்திருக்கும் நேரத்தில் சிறுநீரகத்துக்கு ஆபத்து இன்னும் கூடுதல். இன்னொரு சிக்கலும் உண்டு, இதைப் பலர் யோசிப்பதில்லை. அந்தப் பாதி மாத்திரையால், நாய்க்கென்றே உள்ள நல்ல வலி மருந்தை (கார்புரோஃபன், மெலாக்சிகாம் வகையை) என்னால் உடனே தொடங்க முடியவில்லை. ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு மருந்துகள் உடம்பில் சேர்ந்தால் பாதிப்பு பெருகும் என்பதால் ஐந்து நாள் தள்ளிப் போட்டு, அதுவரை மார்ஃபின் குடும்ப ஊசிகளையும் வேறு வகை வலி மருந்தான காபாபென்டினையும் வைத்து ஓட்டினோம், வயிற்றுக்குப் பாதுகாப்பு மருந்தும் கொடுத்தோம். மணிக்கு வலியைக் குறைக்கக் கொடுத்த மாத்திரை அவனுக்கு வலி மருந்து கிடைப்பதைத் தாமதப்படுத்தியது.

காலைப் பார்க்கும் முன்

வண்டியில் அடிபட்ட நாய் நொண்டிக்கொண்டு வந்தால் எல்லோர் கண்ணும் காலுக்குத்தான் போகும். காலால் நாய் சாகாது. அதனால் முதலில் ஈறு, மூச்சு, நாடி, வயிறு. மணியின் ஈறு கொஞ்சம் வெளிறியிருந்தது, ஆனால் விரலால் அழுத்தி விட்டதும் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்பியது. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 140. மூச்சு மட்டும் வேகமாக இருந்தது, அது வலியாலும் இருக்கலாம், பயத்தாலும் இருக்கலாம், நெஞ்சில் அடியாலும் இருக்கலாம்.

நெஞ்சு எக்ஸ்ரேயில் இடது நுரையீரலின் பின்பகுதியில் மேகம் படர்ந்த மாதிரி ஒரு நிழல். நுரையீரலில் ரத்தக் கசிவு, அதாவது உள்காயம். காற்று கசிந்து நெஞ்சுக்கூட்டில் தேங்கவில்லை, உதரவிதானம் கிழியவில்லை. ஸ்கேனில் சிறுநீர்ப்பை முழுசாக இருந்தது. சிறுநீரக ரத்தப் பரிசோதனையும் சரியாகவே வந்தது.

இங்கேதான் முதல் இழுபறி. இடுப்பு மூட்டைச் சீக்கிரம் உள்ளே தள்ள வேண்டும், 48 மணியிலிருந்து 72 மணி நேரத்துக்குள் செய்தால் நல்லது, நாள் போகப்போகத் தசை சுருங்கி, தொடை எலும்புத் தலை உட்காரும் இடுப்பெலும்பின் கிண்ணக்குழி காலியாக இருப்பதால் அதற்குள் ரத்தக்கட்டியும் நார்த்திசுவும் நிரம்பிவிடும். ஆனால் அடிபட்ட நுரையீரல் முதல் ஒன்றரை நாளில் இன்னும் மோசமாகித்தான் பிறகு தேறும், அந்த நேரத்தில் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து. வீட்டுக்காரர்களுக்கு இது புரியவில்லை, "மூட்டு வெளிய இருக்குன்னு நீங்களே சொல்றீங்க, ஏன் டாக்டர் சும்மா வச்சிருக்கீங்க?" என்றார்கள். நியாயமான கேள்விதான். ஆக்சிஜன் கொடுத்து, வலியைக் கட்டுப்படுத்தி, அன்று முழுக்கக் காத்திருந்தோம்.

மூட்டு எப்படி வெளியே வந்தது என்று கண்டுபிடித்த விதம்

இடுப்பு, பந்துக்கிண்ண மூட்டு. தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பின் கிண்ணக்குழிக்குள் உட்கார்ந்திருக்கும். குழியின் அடியிலிருந்து தலைக்கு ஒரு குட்டையான உருண்டைத் தசைநார், சுற்றிலும் மூட்டு உறை, அதற்கு வெளியே பெரிய தசைகள். மூட்டு முழுதாக விலக வேண்டுமானால் அந்த உருண்டைத் தசைநார் அறுந்து, உறையும் கிழிந்திருக்க வேண்டும். அதனால்தான் உள்ளே தள்ளிய பிறகும் அது உடனே உறுதியாவதில்லை. பிடித்து வைத்திருந்த கயிறு அறுந்துவிட்டது, நாம் பந்தை மட்டும்தான் திரும்ப வைக்கிறோம்.

நாய்களில் அடிபட்டு விலகும் மூட்டுகளில் மிக அதிகம் இடுப்புதான். அதிலும் பெரும்பாலும் தொடை எலும்புத் தலை மேலேயும் முன்னாலும் ஏறி நிற்கும். மணிக்கும் அப்படித்தான். நிற்கும்போது இடது பின்கால் தரையில் படவில்லை, உடம்புக்கு அடியில் இழுத்தபடி தொங்கியது, முழங்கால் வெளிப்பக்கமும் குதிகால் உள்பக்கமும் திரும்பியிருந்தது. இரண்டு பின்கால்களையும் சேர்த்துப் பின்னால் நீட்டிப் பார்த்தால் இடது கால் குட்டையாக இருந்தது.

கையால் பார்க்க ஒரு சோதனை உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. தொடை எலும்பின் மேல்பக்கம் வெளியே துருத்தும் முண்டுக்கும், உட்காரும் எலும்பின் முனைக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். அதில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு தொடையை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். மூட்டு சரியாக இருந்தால் அந்த முண்டு பின்னால் வந்து விரலை வெளியே தள்ளிவிடும். விலகியிருந்தால் விரல் அங்கேயே இருக்கும். மணியிடம் என் விரல் அசையவில்லை. (வலி மருந்து கொடுத்த பிறகுதான் இதெல்லாம். வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம்.)

விரல்களைக் கிள்ளியபோது மணி திரும்பிப் பார்த்து முறைத்தான். நல்ல சகுனம். மூட்டுக்குப் பின்னாலேயே போகும் பெரிய நரம்பு நசுங்கியிருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறையும், பாதம் மடங்கி இழுபடும்.

இரண்டு கோணத்தில் எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்று பக்கவாட்டில், ஒன்று மல்லாத்தி. ஒரே படத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது, தலை முன்னே போயிருக்கிறதா பின்னே போயிருக்கிறதா என்பது ஒரு கோணத்தில் தெரியாமலே போகும். நான் தேடியது மூன்று: தசைநாரோடு சேர்ந்து ஒரு எலும்புச் சில்லு பிய்ந்து வந்திருக்கிறதா, கிண்ணக்குழியின் விளிம்பு உடைந்திருக்கிறதா, அந்த நாய்க்குப் பிறவியிலேயே குழி ஆழமில்லாமல் இடுப்பு தளர்ந்திருக்கிறதா. இதில் எது இருந்தாலும் வெளியிலிருந்து தள்ளி வைப்பது வீண் வேலை, நிற்காது. மணிக்கு மூன்றும் இல்லை. ஆழமான, அழகான குழி.

குட்டி நாய் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஐந்தாறு மாதக் குட்டி இதே மாதிரி கால் தூக்கிக்கொண்டு வந்தால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் விலகல் இல்லை. அந்த வயதில் தசைநாரைவிட எலும்பின் வளர்ச்சித் தட்டு பலவீனம், அதனால் மூட்டு விலகுவதற்குப் பதில் தொடை எலும்பின் தலை, அந்த எலும்பின் கழுத்திலிருந்து தனியாகப் பிரிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும், வைத்தியமோ முற்றிலும் வேறு.

உள்ளே தள்ளியது

அடிபட்டு சுமார் 40 மணி நேரத்தில், நுரையீரல் நிழல் குறைந்ததை மறுபடி படமெடுத்து உறுதி செய்துகொண்டு, முழு மயக்கத்தில் வைத்தோம். முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் ஒரு மரப்பு ஊசியும் போட்டதால் தொடைத் தசை துணி மாதிரி தளர்ந்தது. மணியைப் பக்கவாட்டில் கிடத்தி, தொடையிடுக்கில் ஒரு மெத்தென்ற பட்டையைச் சுற்றி உதவியாளர் ஒருவர் முதுகுப்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டார். நான் காலை வெளிப்பக்கம் திருப்பி, தலையை இடுப்பெலும்பிலிருந்து விடுவித்து, பின்னும் கீழுமாக இழுத்து, குழியின் விளிம்பைத் தாண்டியதும் உள்பக்கம் திருப்பி, இன்னொரு கையின் கட்டைவிரலால் முண்டை அழுத்தினேன். மூன்றாவது முயற்சியில் 'டொக்' என்று கைக்குத் தெரிந்தது. காதுக்குக் கேட்காது, கைக்குத்தான் தெரியும்.

அதோடு முடியவில்லை. முண்டை உள்நோக்கி அழுத்தியபடியே மூட்டைச் சில நிமிடம் மடக்கி, நீட்டி, சுழற்ற வேண்டும், குழியில் தங்கிய ரத்தக்கட்டி நசுங்கி வெளியேறி, தலை அடிவரை போய் உட்கார. மொத்தம் இருபது நிமிடம் ஆகியிருக்கும்.

பிறகு ஏமர் கட்டு. பாதத்துக்கு மேலிருக்கும் நீள எலும்புகளில் பஞ்சு வைத்துச் சுற்றி, அங்கிருந்து முழங்காலின் உள்பக்கமாகப் போய், தொடையின் மேலாக வந்து, மறுபடி பாதத்துக்குத் திரும்பி, எட்டு வடிவில் சுற்றி, கடைசியில் வயிற்றைச் சுற்றி ஒரு பட்டை. கால் மடங்கி, உள்நோக்கித் திரும்பி, உடம்பிலிருந்து சற்று விலகி நிற்கும். இந்த நிலையில் தலை குழிக்குள் ஆழமாக அழுந்தும், நாயால் அந்தக் காலை ஊன்றவும் முடியாது. கட்டுப் போட்ட பிறகும் ஒரு எக்ஸ்ரே எடுத்தோம், ஏனென்றால் கட்டும்போதே நழுவி, யாருக்கும் தெரியாமல் நாய் வீட்டுக்குப் போய்விடுவதும் நடக்கிறது. தொடை எலும்புத் தலை கீழ்ப்பக்கமாக விலகிய நாய்க்கு இந்தக் கட்டே போடக் கூடாது, அதற்கு இரண்டு பின்கால்களும் அகலாமல் இணைத்துக் கட்ட வேண்டும்.

கட்டு 10 முதல் 14 நாள் இருக்க வேண்டும், உறை ஓரளவு ஒட்டிக்கொள்ள அவ்வளவு காலமாவது வேண்டும். நன்றாகவே செய்தாலும், வெளியிலிருந்து தள்ளி வைத்த இடுப்புகளில் ஏறக்குறைய பாதிதான் நிலைக்கும். இதைச் சொல்லித்தான் அனுப்பினேன்.

ஆறாம் நாள்

மூன்றாம் நாள் பரிசோதனைக்கு வந்தபோது பாதம் லேசாக வீங்கியிருந்தது. கட்டுப் போட்ட காலில் கொஞ்சம் வீக்கம் வரும் என்று நினைத்து விட்டுவிட்டேன். அவிழ்த்துப் புதிதாகக் கட்டியிருக்க வேண்டும். தொடையின் மேல் சுற்றில் ஒரு பட்டை கூடுதலாக இறுகியிருந்தது என்பது பின்னால் யோசித்தபோதுதான் புரிந்தது.

ஆறாம் நாள் இரவு போன். மணியின் விரல்கள் பொம்மை மாதிரி உப்பிவிட்டன, அவன் கட்டையே கடித்துக்கொண்டு இருக்கிறான், வீட்டுப் பெரியவர், அந்த அம்மாவின் தாயார், பாவம் பார்த்து தொடைப் பக்கம் இருந்த பட்டையைக் கத்தரியால் வெட்டித் தளர்த்தியிருக்கிறார். கால் விடுபட்டதும் மணி ஊன்றி எழுந்து, வழுவழுப்பான தரையில் வழுக்கி, கத்தியிருக்கிறான். மறுநாள் காலை படம் எடுத்ததில் பழைய இடத்துக்கே போயிருந்தது, மேலேயும் முன்னாலும்.

அந்தப் பாட்டி என் எதிரில் உட்கார்ந்து, "நான்தான் கெடுத்துட்டேன்" என்று சொன்னார். எனக்கு சங்கடமாகிவிட்டது. அவர் கவனித்தது சரியான விஷயம். வீங்கிய விரல், கடிக்கும் நாய், இரண்டும் கட்டு இறுகிவிட்டது என்பதன் அடையாளம், அப்படியே விட்டிருந்தால் ரத்த ஓட்டம் நின்று பாதமே போயிருக்கக் கூடும். ஏமர் கட்டில் புண்ணும் வீக்கமும் அபூர்வமான விஷயங்களே இல்லை. ஆனால் நான் வழிமுறைகளைச் சொன்னது மருத்துவமனைக்கு வந்தவரிடம் மட்டும். பகல் முழுக்க மணியோடு வீட்டில் இருந்தது பாட்டி. "ஏதாவது பிரச்சினைன்னா போன் பண்ணுங்க" என்றுதான் சொல்லியிருந்தேன். பிரச்சினை என்றால் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று சொல்லவே இல்லை.

இப்போது வேறு மாதிரி செய்கிறேன். வீட்டில் பகலில் யார் இருப்பார்கள் என்று கேட்டு, அவரோடு போனிலாவது பேசிவிடுகிறேன். பாதத்தின் நடு விரல்கள் இரண்டின் நகங்களையும் காட்டி, இன்று இவற்றுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். காலையும் மாலையும் பார்க்க வேண்டும். நகங்கள் விலகிப் போனால் வீக்கம். பாதம் ஜில்லென்று இருந்தால், கெட்ட வாடை வந்தால், கட்டு நனைந்தால், கட்டு நழுவிக் கீழே இறங்கினால், அதுவரை கண்டுகொள்ளாமல் இருந்த நாய் திடீரென்று கட்டைக் கடிக்கத் தொடங்கினால், அதே நாளில் கொண்டுவர வேண்டும், நாளை என்று தள்ளக் கூடாது. வெளியே போகும்போது பிளாஸ்டிக் பை மாட்டலாம், உள்ளே வந்ததும் கழற்றிவிட வேண்டும், மாட்டியபடியே விட்டால் உள்ளே வியர்த்த மாதிரி ஈரம் சேர்ந்து தோல் ஊறிப்போகும். நள்ளிரவில் யாரும் கிடைக்காமல், பாதம் ஜில்லிட்டுப் போய், வேறு வழியே இல்லையென்றால்? அப்போது வெட்டுங்கள். மூட்டை மறுபடி பார்த்துக்கொள்ளலாம், போன பாதத்தை மீட்க முடியாது. வெட்டிய பிறகு நாயை நடக்க விடாமல் படுக்க வைத்தே கொண்டுவாருங்கள்.

இரண்டாவது சுற்று

ஒரு முறை நழுவியதை மறுபடி வெளியிலிருந்து தள்ளி வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மூன்று வழிகளை வைத்துப் பேசினோம். தொடை எலும்பின் தலையையும் கழுத்தையும் வெட்டி எடுத்துவிடுவது ஒன்று. கேட்பவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும், ஆனால் தசைகளுக்கு நடுவே நார்த்திசுவால் ஒரு பொய் மூட்டு உருவாகி, எடை குறைந்த நாய்கள் நன்றாகவே ஓடும். முழு இடுப்பு மூட்டு மாற்று இன்னொன்று, அதற்குத் தனிப்பயிற்சியும் கருவிகளும் உள்ள இடம் வேண்டும். மூன்றாவது, அறுந்த உருண்டைத் தசைநாருக்குப் பதிலாகச் செயற்கைக் கயிறு போடும் டாகிள் முறை.

மணிக்குக் குழி நன்றாக இருந்ததால் டாகிள் என்று முடிவு செய்தோம், ஒரு நிபந்தனையோடு: திறந்து பார்க்கும்போது தலையின் குருத்தெலும்பு தேய்ந்து போயிருந்தால் அங்கேயே தலையை எடுத்துவிடுவோம். எட்டாம் நாள் அறுவை. குழி நிறைய நார்த்திசு, கிழிந்த உறை உள்ளே மடிந்து கிடந்தது. வெளியிலிருந்து இன்னும் பத்து முறை தள்ளியிருந்தாலும் நின்றிருக்காது. குருத்தெலும்பில் ஓரமாக ஒரு கீறல், அவ்வளவுதான். குழியைச் சுத்தம் செய்து, அதன் அடியில் ஒரு துளை, தலையிலிருந்து கழுத்து வழியாக முண்டுக்குக் கீழே வெளிவரும்படி இன்னொரு துளை. ஒரு சின்ன உலோகக் குச்சியில் தடித்த நூலைக் கோத்து, குழியின் துளை வழியாக அந்தப் பக்கம் செலுத்தினால் குச்சி குறுக்கே திரும்பி மாட்டிக்கொள்ளும், நூலைத் தொடை எலும்பின் வழியாக இழுத்து வெளிப்பக்கம் முடிச்சு. அப்புறம் உறையைத் தைத்தோம். நூல் பின்னால் ஒரு காலத்தில் அறுந்து போகலாம். அதற்குள் உறை தடித்து ஆறிவிட்டால் அந்த வேலையை உறை பார்த்துக்கொள்ளும்.

சிலர் இந்த அறுவைக்குப் பிறகும் ஒரு வாரம் ஏமர் கட்டுப் போடுவார்கள். மேசையிலேயே மூட்டை எல்லாப் பக்கமும் அசைத்துப் பார்த்ததில் உறுதியாக இருந்தது, முதல் கட்டின் புண் வேறு ஆறவில்லை. நான் போடவில்லை.

வீட்டில் ஆறு வாரம்

உண்மையான வைத்தியம் நடந்தது இங்கேதான். ஒரு அறையின் மூலையில், மணி எழுந்து திரும்பிப் படுக்கும் அளவு மட்டும் இடம் விட்டு ஒரு அடைப்பு. தரையில் வழுக்காத ரப்பர் விரிப்பு. படி, கட்டில், சோபா எதுவும் கிடையாது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் மட்டும் கயிற்றில் பிடித்து வெளியே, அதுவும் வயிற்றுக்கு அடியில் ஒரு துண்டைக் கொடுத்துப் பின்பக்கத்தைத் தாங்கியபடி. துண்டால் நாயைத் தூக்கக் கூடாது, வழுக்கினால் விழாமல் பிடிக்கத்தான் அது.

முதல் வாரம் மணி ராத்திரி முழுக்க அழுதிருக்கிறான். வலியா, தனிமையா என்று பாட்டி கேட்டார். சோதிக்க எளிய வழி, யாராவது பக்கத்தில் போய் உட்கார்ந்தால் அழுகை நிற்கிறதா? நின்றது. அதனால் வீட்டுப் பையன் அடைப்புக்குப் பக்கத்தில் பாய் விரித்துத் தூங்கினான். ஓடவிட முடியாத நாய்க்கு வேறு வேலை கொடுக்க வேண்டும், சாப்பாட்டைத் தட்டில் போடாமல் துணி மடிப்புகளுக்குள் ஒளித்து வைத்து மோப்பம் பிடித்து எடுக்க விட்டார்கள். பாதி நாள் அதிலேயே ஓடியது. சாப்பாட்டின் அளவை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தோம், சும்மா படுத்திருக்கும் நாய்க்குப் பழைய அளவே போட்டால் எடை கூடும், கூடும் ஒவ்வொரு கிலோவும் அந்த மூட்டின் மேல்தான் உட்காரும்.

மூன்றாம் வாரத்தில் விரல் நுனி தரையைத் தொட்டது. இங்கே ஒரு நுணுக்கம், வேகமாகக் கூட்டிப் போனால் நாய் மூன்று காலில் தத்தி ஓடிவிடும். ஆமை மாதிரி மெதுவாக நடத்தினால்தான் நாலாவது காலை ஊன்றியாக வேண்டும். ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று முறை. தையல் பிரித்த பிறகு, படுக்க வைத்து முழங்காலையும் இடுப்பையும் வலிக்காத எல்லை வரை மெல்ல மடக்கி நீட்டும் பயிற்சியும் சொல்லிக் கொடுத்தேன், மூட்டை வெளிப்பக்கம் முறுக்காமல்.

நாலாம் வாரம்தான் மிக ஆபத்தானது. நாய்க்கு வலி போய்விட்டது, உறையோ இன்னும் முழுதாக ஆறவில்லை. "நல்லாத்தானே நடக்குறான், இன்னும் எதுக்கு டாக்டர் அடைச்சு வைக்கணும்?" என்று அந்த அம்மாவே கேட்டார். இரண்டு வாரம்தான், பொறுங்கள் என்றேன். ஒரு நாள் மட்டும் மணி அடைப்பைத் தாண்டிக் குதித்துவிட்டான். அன்றே கொண்டுவந்தார்கள், கையால் பார்த்ததில் மூட்டு இருந்த இடத்தில் இருந்தது, அடைப்பின் உயரம் மட்டும் கூடியது.

ஆறாம் வார எக்ஸ்ரேயில் தலை குழிக்குள்ளேயே. தொடையின் சுற்றளவை டேப்பால் அளந்தேன்: வலது 33 செ.மீ., இடது 28. தசை இவ்வளவு சீக்கிரம் கரையும், திரும்ப வளர மாதக்கணக்கில் ஆகும். அங்கிருந்து நடையைக் கூட்டி, உட்கார்ந்து எழும் பயிற்சி, லேசான ஏற்றம், இரண்டு மாதம் கழித்து நீச்சல். மருத்துவமனை சென்று தண்ணீருக்குள் நடைமேடையில் நடக்க வைக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டாலும் மெதுநடை பெரும்பாலான வேலையைச் செய்துவிடும்.

மற்ற மூட்டுகளைப் பற்றிக் கொஞ்சம்

மணியின் கதையைப் படித்துவிட்டு எல்லா விலகலுக்கும் இதே வழி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்காலின் முழங்கை விலகினால் எலும்புகள் பெரும்பாலும் வெளிப்பக்கம் போகும், உள்ளே தள்ளிய பிறகு காலை மடக்கிக் கட்டக் கூடாது, நீட்டி வைத்துத்தான் கட்ட வேண்டும், நீட்டிய நிலையில்தான் அந்த மூட்டின் எலும்புகள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும். தோள்பட்டை உள்பக்கம் விலகியிருந்தால் நேர் எதிர், மடக்கி நெஞ்சோடு சேர்த்துக் கட்டு. தாடை விலகினால் வாய் மூடாது, ஒரு பக்கம் கோணியிருக்கும், எச்சில் ஒழுகும். ஒரு மூட்டுக்குப் போட்ட கட்டைப் படத்தில் பார்த்து இன்னொன்றுக்குப் போடுவது எவ்வளவு தப்பு என்று இதிலிருந்தே தெரியும்.

சின்ன ஜாதி நாய்கள் நடந்துகொண்டே இருந்து திடீரென்று ஒரு பின்காலைத் தூக்கி, நாலு தத்து தத்தி, காலை உதறிவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி போகுமே, அது பெரும்பாலும் முழங்கால் சில்லு நழுவுவது. பிறவி அமைப்பிலிருந்து வருவது, விபத்து இல்லை. நாலு நிலையாகப் பிரிப்போம். தொட்டால் மட்டும் நழுவி உடனே திரும்புவது முதல் நிலை, நிரந்தரமாக வெளியே இருந்து கையாலும் தள்ள முடியாதது நாலாவது. முதல் நிலைக்கு எடையைக் குறைத்து, கவனித்துக்கொண்டிருந்தால் பெரும்பாலும் போதும். இந்த நாய்களை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள் என்று சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது, வரட்டும்.

அடிபட்ட நேரத்தில் வீட்டில் செய்ய வேண்டியது சொற்பம்தான். அசையாமல் வை, ஒரு பலகையிலோ கெட்டியான போர்வையிலோ தூக்கு, வாயைத் துணியால் தளர்வாகக் கட்டு (மூச்சுத் திணறலோ வாந்தியோ இருந்தால் கட்டாதே), மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் சாப்பாடு கொடுக்காதே, மாத்திரை கொடுக்காதே, காலை இழுக்காதே. நாய் தொட விட்டால் பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைக்கலாம்.

ஆறு மாதம் கழித்து

மணியின் இடது தொடை 32 செ.மீ., வலது 33. எடை 17.4 கிலோ. உட்காரும்போது இன்னமும் இடது காலைக் கொஞ்சம் வெளியே தள்ளி வைத்துத்தான் உட்காருகிறான். எக்ஸ்ரேயில் குழியின் விளிம்பில் மெல்லிய எலும்பு வளர்ச்சி தெரிகிறது, மூட்டுத் தேய்மானத்தின் தொடக்கம். விலகிய மூட்டில் அது ஓரளவு வரத்தான் செய்யும். நிறைய ஓடிய நாளுக்கு அடுத்த நாள் காலை சில நிமிடம் விறைப்பாக நடந்து, அப்புறம் சரியாகிவிடுகிறான். தினமும் மாத்திரை தேவைப்படவில்லை. கேட்டில் இரண்டாவது தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள்.

போன மாதம் பாட்டி எனக்கு ஒரு படம் அனுப்பினார். மணியின் முன்கால் விரல், நகம் லேசாகப் பிளந்திருந்தது. பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க மறு காலின் படமும் இருந்தது. "தானா ஆறிடுமா, இல்ல கூட்டிட்டு வரணுமா டாக்டர்? நான் ஒண்ணும் பண்ணல, அப்படியே விட்டிருக்கேன்" என்று எழுதியிருந்தார். கூட்டி வரச் சொன்னேன்.